பிபிக்கு அக்குபஞ்சர் எடுக்கப் போறீங்களா, மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

ரத்த அழுத்தத்துக்கு அக்குபஞ்சர் எடுத்துக்கலாமான்னு தேடறவங்க நிறைய பேர் இருக்கீங்க. நானும் அப்படித் தேடினவதான். நான் தேடினப்ப கிடைச்சதெல்லாம் ரெண்டே வகைதான், ஒண்ணு "மாத்திரையே வேணாம், முழுசா குணமாயிடும்"னு சொல்றது, இன்னொண்ணு "எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு ஒரே வரியில முடிச்சிடறது. நடுவுல என்ன நடக்குது, ரீடிங் ஏன் குறையற மாதிரி தெரியுது, எங்க ஆபத்து இருக்குன்னு யாரும் பொறுமையா எழுதல. அதனால எனக்கு நடந்தத வரிசையா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

எனக்கு பிபி இருக்குன்னு தெரிஞ்சதே வேற ஒரு விஷயத்துக்காக டாக்டர்கிட்ட போனப்பதான். தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, எதுவுமே இல்ல. மேல நம்பர் 160 கிட்ட, கீழ நம்பர் 100 கிட்ட. வேற வேற நாள்ல பாத்தும் அப்படியே இருந்துச்சு. எங்கம்மாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தத கூடவே இருந்து பாத்தவ நான், அதனால டாக்டர் சொன்ன உடனே பயந்து போயி மறுபேச்சு பேசாம மாத்திரைய ஆரம்பிச்சேன். அம்லோடிபைன். ரீடிங் நல்லாவே இறங்குச்சு. ஆனா கொஞ்ச வாரத்துல கணுக்கால் வீங்க ஆரம்பிச்சுது, சாயங்காலம் ஆனா செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே பள்ளமா நிக்கும். டாக்டர்கிட்ட சொன்னேன், "அது சில பேருக்கு வரும்மா, பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. எனக்கு மனசே ஆறல. கிட்னி போயிடுச்சோ, ஹார்ட்ல பிரச்சனையோன்னு ராத்திரியெல்லாம் யோசனை.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், இத அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா மத்ததெல்லாம் நடந்திருக்கவே வாய்ப்பில்ல. அம்லோடிபைன் எடுத்தா கால் வீங்கறது ரொம்ப சாதாரணமா வர்ற பக்கவிளைவு. டோஸ் கூட இருந்தா வீக்கமும் கூட வரும். அந்த மாத்திரை சின்ன ரத்தக்குழாய விரிக்குது, அதுல நீர் வெளிய கசிஞ்சு கால்ல தங்குது. கிட்னி கெட்டுப் போனதால வர்ற வீக்கம் இல்ல அது. டோஸ குறைக்கலாம், வேற வகை மாத்திரைக்கு மாத்தலாம், இல்லனா டெல்மிசார்டான் மாதிரி ஒண்ண கூட சேத்தா வீக்கமும் குறையும் பிபியும் குறையும். அதே மாதிரி எனாலாப்ரில், ராமிப்ரில் வகை எடுக்கறவங்கள்ல சில பேருக்கு வறட்டு இருமல் வரும், அதுக்கும் மாத்து இருக்கு. பிபி மாத்திரைல ஒரு வகை ஒத்துக்கலன்னா இன்னும் பல வகை இருக்கு. "எனக்கு இது ஒத்துக்கல, வேற குடுங்க"ன்னு ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் கேக்கணும், அந்த டாக்டருக்கு நேரம் இல்லன்னா வேற டாக்டர்கிட்ட போயி கேக்கணும். மாத்திரைய வெறுத்து வேற வழி தேடிப் போறவங்கள்ல நிறைய பேர் இந்த மாதிரி பக்கவிளைவுக்கு சரியா பதில் கிடைக்காம போறவங்கதான்னு எனக்கு இப்ப தோணுது.

அந்த நேரத்துலதான் தெரிஞ்சவங்க ஒருத்தங்க அக்குபஞ்சர் பாக்கற ஒருத்தர பத்தி சொன்னாங்க. அவங்களுக்கு கழுத்து வலி சரியாச்சாம். போனேன். முதல் தடவையே மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சுன்னு சொல்லியே ஆகணும், ஏன்னா இந்த ஆறுதல்தான் எல்லாரையும் உள்ள இழுக்குது. அவர் நிதானமா உக்கார வெச்சு, நாடி பாத்து, நாக்க நீட்டச் சொல்லி பாத்து, தூக்கம் எப்படி, கோவம் வருமா, பயம் இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. எங்கம்மாவ பத்தி சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. எந்த டாக்டரும் அவ்வளவு நேரம் என் பேச்ச கேட்டதில்ல. அப்புறம் படுக்க வெச்சு மணிக்கட்டுக்கு உள்பக்கம் கொஞ்சம் மேல, முழங்கை மடிப்புல, முழங்காலுக்கு கீழ, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுலன்னு மெல்லிசு ஊசியா குத்தினாரு. வலி பெருசா ஒண்ணும் இல்ல, சுருக்குன்னு இருக்கும், அப்புறம் ஒரு கனமான மரத்துப் போற உணர்வு. விளக்க மங்கலாக்கிட்டு அரை மணி நேரம் தனியா விட்டுட்டுப் போயிடுவாரு. எனக்கு தூக்கமே வந்துடும். எழுந்தா உடம்பு லேசா இருக்கும், பிபி பாத்தா வந்தப்ப இருந்தத விட 15, 20 குறைஞ்சிருக்கும். "பாத்தீங்களாம்மா, மாத்திரை இல்லாம உடம்பே தானா இறக்குது"ன்னு சொல்வாரு.

அந்த ரூம் சுவத்துல ஒரு பட்டியல் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்துச்சு, உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்ட நோய்கள்னு. அதுல உயர் ரத்த அழுத்தமும் இருந்துச்சு. அந்தப் பட்டியல் பொய் இல்ல. 2003ல உலக சுகாதார நிறுவனம் அக்குபஞ்சர் ஆய்வுகள தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டுச்சு, அதுல பலன் நிரூபிக்கப்பட்டதா போட்ட வரிசைல உயர் ரத்த அழுத்தமும் இருக்கு. ஆனா அது 2003. பிபிக்கு அக்குபஞ்சர் வேலை செய்யுதான்னு போலி ஊசியோட ஒப்பிட்டுப் பாத்த பெரிய ஆய்வுகள் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு, அதுக்கு கீழ வரேன். எங்கயாவது இந்தப் பட்டியல காட்டினா, "இது எந்த வருஷத்துது, அதுக்கப்புறம் என்ன வந்துச்சு"ன்னு கேளுங்க. எனக்கு அப்ப கேக்கத் தெரியல, அவ்வளவு பெரிய பேர பாத்ததும் மனசு அடங்கிப் போச்சு.

ரீடிங் ஏன் குறைஞ்சுதுன்னு இப்ப புரியுது. நான் அங்க போறப்ப வேலை முடிச்சு அவசர அவசரமா ஓடி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உக்காந்த உடனே முதல் ரீடிங் எடுப்பாங்க. அது கூடத்தான் இருக்கும், யாருக்கா இருந்தாலும். அப்புறம் அரை மணி நேரம் அமைதியா படுத்திருந்துட்டு ரெண்டாவது ரீடிங். ஊசி குத்தினாலும் குத்தலன்னாலும் அது குறையும். பின்னாடி வீட்ல நானே சோதிச்சு பாத்தேன், வேலை முடிஞ்சு வந்த உடனே ஒரு தடவை எடுத்தேன், அப்புறம் விளக்க அணைச்சிட்டு ஊசி எதுவும் இல்லாம படுத்துட்டு மறுபடி எடுத்தேன். ஏறக்குறைய அதே அளவு குறைஞ்சுது. ஒரு நாள் இல்ல, பல நாள் பாத்தேன். அதனால சிகிச்சைக்கு முன்னாடி பின்னாடின்னு ஒரே இடத்துல எடுக்கற ரீடிங்க வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. காலைல எழுந்ததும் வீட்ல என்ன இருக்கு, ஊசி போட்டுக்கிட்ட நாளைக்கு அப்புறம் மூணாம் நாள் என்ன இருக்கு, அதுதான் பேசணும்.

சில வாரம் போன பிறகு அவர் மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு. "ரெண்டும் சேந்து போனா உடம்பு குழம்பிடும்மா, மருந்து உள்ள இருக்கற வரைக்கும் சக்தி ஓட்டம் சரியாகாது"ன்னாரு. பேக்கேஜா பணம் முழுசும் முன்னாடியே கட்டியிருந்தேன், தனித்தனியா கட்டறத விட குறைவுன்னு சொன்னதால. கால் வீக்கம் வேற. சரின்னு நிறுத்தினேன்.

நிறுத்தின அடுத்த நாள் பயந்துக்கிட்டே பிபி பாத்தேன், நல்லா இருந்துச்சு. அதுக்கடுத்த நாளும் நல்லா இருந்துச்சு. ஒரு வாரம் கிட்ட பெரிய மாத்தமே இல்ல. கால் வீக்கமும் வடிய ஆரம்பிச்சுது. எனக்கு சந்தோஷம் தாங்கல, குணமாயிட்டேன்னே நினைச்சேன். இங்கதான் இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமான ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அம்லோடிபைன் உடம்ப விட்டு ரொம்ப மெதுவா போற மருந்து. ரத்தத்துல இருக்கற அளவு பாதியா குறையவே 30ல இருந்து 50 மணி நேரம் ஆகும். அடுப்ப அணைச்ச பிறகும் கனமான பாத்திரம் சூடாவே இருக்கற மாதிரி, மாத்திரைய நிறுத்தின பிறகும் அதோட வேலை பல நாள் ஓடிக்கிட்டு இருக்கும். அது முழுசா போன பிறகும் எல்லாருக்கும் பிபி உடனே எகிறாது, சில பேருக்கு வாரக்கணக்குல, ஏன் மாசக்கணக்குல கூட படிப்படியா ஏறும். அந்த இடைவெளில எந்த சிகிச்சை எடுத்தாலும் அதுதான் வேலை செஞ்சுதுன்னு தோணும். "நான் மாத்திரைய நிறுத்திட்டு இத எடுத்தேன், பத்து நாள் ஆச்சு, பிபி நார்மல்"னு யாராவது சொன்னா அவங்க பொய் சொல்லல, ஆனா அந்த நார்மல் பழைய மாத்திரையோட மிச்சமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

எல்லா மாத்திரையும் இப்படி மெதுவா விலகாது, இதையும் சொல்லியாகணும். அடினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி "லால்"னு முடியற மாத்திரைகள திடீர்னு நிறுத்தினா இதயத் துடிப்பு எகிறி, ஏற்கனவே இதயக்குழாய்ல அடைப்பு இருக்கறவங்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடின்னு ஒண்ணு இருக்கு, அத சட்டுனு விட்டா பிபி முன்னாடி இருந்தத விட மேல போயிடும். நான் எடுத்தது அம்லோடிபைனா இருந்ததால எனக்கு ஒரே நாள்ல எதுவும் ஆகல, அவ்வளவுதான். என்ன மாத்திரை எடுக்கறோம்னு கூட கேக்காம "நிறுத்துங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க, அவர் என்கிட்ட பேர் கேக்கவே இல்ல.

அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சுது. காலைல 145, அப்புறம் 150, சில நாள் 160. அவர்கிட்ட சொன்னா, "கழிவு வெளியேறப்ப ஏறத்தான் செய்யும்மா, உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்குது, பயப்படாதீங்க, அடிக்கடி பாக்காதீங்க, பாக்கப் பாக்க பயத்துலயே ஏறும்"னாரு. குறைஞ்சா சிகிச்சை வேலை செய்யுது, ஏறினாலும் சிகிச்சை வேலை செய்யுது. இப்படி ரெண்டு பக்கமும் ஒரே பதில் வந்தா அங்கருந்து எழுந்து வந்துடணும். எந்த ரீடிங் வந்தா "இது உங்களுக்கு வேலை செய்யல, டாக்டர பாருங்க"ன்னு சொல்வீங்கன்னு முதல் நாளே கேட்டு வாங்கிக்கணும். அதுக்கு ஒரு நம்பர் சொல்லத் தெரியாதவர்கிட்ட பிபிய ஒப்படைக்கக் கூடாது.

நானும் மெஷின அலமாரில தூக்கி வெச்சிட்டேன். பாக்காத வரைக்கும் மனசு நிம்மதியாத்தான் இருந்துச்சு. உடம்புலயும் ஒண்ணும் தெரியல, பிபியோட குணமே அதுதான், 170ல இருந்தாலும் சமையல் பண்ணலாம், வேலைக்கு போகலாம், சிரிச்சு பேசலாம். "எனக்கு ஏறினா எனக்கே தெரியும்"னு சொல்றவங்கள இப்ப பாத்தா பதறுது.

ஒரு நாள் ராத்திரி பின்மண்டைல வலி, கண்ணு முன்னாடி மங்கலா எதோ மிதக்கற மாதிரி. மெஷின எடுத்து கட்டினேன், மேல 190 தாண்டி, கீழ 115 கிட்ட. தப்பா காட்டுதோன்னு மறுபடி எடுத்தேன், அதேதான். வீட்ல வேற யாரும் இல்ல. அக்குபஞ்சர்காரருக்கு போன் பண்ணேன், எடுக்கல. எங்கம்மா வாய் கோணி பேச முடியாம கெடந்ததுதான் திரும்பத் திரும்ப கண்ணுல வந்துச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சு பாத்தேன், கை ரெண்டையும் தூக்கி பாத்தேன், என் பேர சத்தமா சொல்லி பாத்தேன். கதவ பூட்டறப்ப கை நடுங்கிச்சு. தனியாவே ஆஸ்பத்திரிக்கு போனேன்.

அங்க ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்து கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் பாத்தாங்க, சிறுநீர்ல புரதம் போகுதான்னு பாத்தாங்க, நரம்பு சோதனை பண்ணாங்க. உடனடி ஆபத்து எதுவும் இல்லன்னு சொன்னாங்க. ஊசி போட்டு சட்டுனு இறக்கிடுவாங்கன்னு நினைச்சேன், அப்படி பண்ணல. உறுப்பு எதுவும் பாதிக்கலன்னா வேகமா இறக்கறதுதான் ஆபத்து, மூளைக்கு போற ரத்தம் திடீர்னு குறைஞ்சிடும், அதனால மாத்திரை குடுத்து சில நாள்ல படிப்படியா இறக்கறோம்னு அந்த டியூட்டி டாக்டர் நிதானமா சொன்னாங்க. அடுத்து கண் டாக்டர் பாத்தப்ப விழித்திரை ரத்தக்குழாய்கள்ல பிபியால வந்த மாற்றம் இருக்குன்னு தெரிஞ்சுது, எக்கோன்னு சொல்ற இதய ஸ்கேன்ல இதயத்தோட இடது பக்க சுவர் லேசா தடிச்சிருக்குன்னு வந்துச்சு. இது முழுக்க அந்த சில மாசத்துல வந்ததா, அதுக்கு முன்னாடி கண்டுபிடிக்காம இருந்த காலத்துல ஆரம்பிச்சதான்னு பிரிச்சு சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா கட்டுப்பாடு இல்லாம விட்ட மாசங்கள் நல்லது எதுவும் பண்ணியிருக்காது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான் என் கால் வீக்கத்த பத்தி கேட்டதும் ரெண்டே நிமிஷத்துல அம்லோடிபைன் டோஸ குறைச்சு கூட டெல்மிசார்டான சேத்து எழுதினாங்க. இப்ப காலும் வீங்கல, பிபி 130க்குள்ள நிக்குது. இவ்வளவு சின்ன மாத்தத்துக்காகவா நான் இவ்வளவு அலைஞ்சேன்னு நினைச்சு அங்கயே உக்காந்து அழுதேன். கோவம் அக்குபஞ்சர்காரர் மேல மட்டும் இல்ல, முதல் டாக்டர் மேலயும்தான்.

அதுக்கப்புறம்தான் உண்மைல ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு உக்காந்து படிச்சேன். 2006ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, ஷார்ப்னு பேரு, மாத்திரை எடுக்காத உயர் ரத்த அழுத்தக்காரங்க 192 பேர். ஒவ்வொருத்தர் உடம்புக்கு ஏத்த மாதிரி புள்ளி தேர்ந்தெடுத்து ஊசி போட்டது ஒரு குழு, எல்லாருக்கும் ஒரே புள்ளில போட்டது ஒரு குழு, அக்குபஞ்சர் புள்ளியே இல்லாத இடத்துல போலியா குத்தினது ஒரு குழு. 10 வாரம் கழிச்சு பாத்தா எல்லாருக்கும் மேல நம்பர் 4 பாயின்ட் கிட்டதான் குறைஞ்சிருக்கு, சரியான புள்ளிக்கும் போலி புள்ளிக்கும் வித்தியாசமே இல்ல. 2007ல ஜெர்மனில 160 பேர வெச்சு பண்ணினதுல வேற மாதிரி வந்துச்சு, 6 வாரத்துல 22 தடவை ஊசி போட்டு, 24 மணி நேரமும் கைல கட்டிக்கிட்டே இருக்கற மெஷின்ல அளந்தாங்க, நிஜ ஊசி குழுவுக்கு மேல நம்பர் 5 பாயின்ட், கீழ நம்பர் 3 பாயின்ட் அளவுக்கு குறைஞ்சுது. ஆனா நிறுத்தி 3 மாசம் கழிச்சு பாத்தப்ப பழைய இடத்துக்கே வந்துடுச்சு. இன்னொண்ணு, அந்த ஆய்வுல மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தவங்க யாரையும் நிறுத்தச் சொல்லல, அத அப்படியே எடுத்துக்கிட்டே ஊசி போட்டாங்க.

2015ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட அர்வைன் வளாகத்துல 65 பேர வெச்சு, ஊசில லேசா மின்சாரம் குடுத்து, வாரம் ஒரு தடவை அரை மணி நேரம், 8 வாரம் பண்ணாங்க. மணிக்கட்டுலயும் முழங்காலுக்கு கீழயும் போட்ட குழுல 70 சதவீதம் பேருக்கு குறைஞ்சுது, அந்தக் குறைவு ஒன்றரை மாசம் வரைக்கும் இருந்துச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா இதையும் மறைக்காம சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா அக்குபஞ்சர் உடம்புல ஒண்ணுமே பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. கடைசியா 2018ல காக்ரேன்னு சொல்ற அமைப்பு, இந்த மாதிரி 22 ஆய்வுகள சேத்து வெச்சு அலசினாங்க. ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள்ள கொஞ்சம் குறையற மாதிரி சில ஆய்வுல தெரியுது, அந்த ஆய்வுகளோட தரமே ரொம்ப குறைவு, பிபி நோயாளிக்கு தேவைப்படற நீடிச்ச பலனுக்கு ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க. எனக்கு நடந்தது ஏறக்குறைய அதேதான், அன்னைக்கு சாயங்காலம் நல்லா இருக்கும், மூணாம் நாள் காலைல பழைய இடம்.

5 பாயின்ட் குறைஞ்சா நல்லதுதானன்னு கேக்கலாம். நல்லதுதான், மேல நம்பர் 10 பாயின்ட் குறைஞ்சா பக்கவாத வாய்ப்பு கால்வாசிக்கு மேல குறையுதுன்னு 2016ல பல ஆய்வுகள சேத்து பாத்ததுல வந்திருக்கு, அதனால ஒவ்வொரு பாயின்டும் முக்கியம். ஆனா 6 வாரத்துல 22 தடவை போயி வாங்கற 5 பாயின்ட், விட்டா 3 மாசத்துல போயிடும். 160ல இருக்கறவங்களுக்கு அது போதவும் போதாது. உப்ப ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள கொண்டு வர்றது, எடைய குறைக்கறது, தினமும் வேகமா நடக்கறது, மதுவ குறைக்கறது, இது ஒவ்வொண்ணும் அந்த அளவுக்கோ அதுக்கு மேலயோ குறைக்கும், செலவும் இல்ல. எடைல ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு பாயின்ட் குறையும்னு கணக்கு சொல்றாங்க. மூட்டு வலிக்கு அடிக்கடி போடற இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் மாத்திரை பிபிய ஏத்தும், மூக்கடைப்பு மாத்திரை சிலதும் ஏத்தும், இத முதல்ல பாக்கணும். பலமா குறட்டை விட்டு, தூக்கத்துல மூச்சு தடைபட்டு எழறவங்க அந்தப் பிரச்சனைய பாக்காம பிபிய மட்டும் இறக்கப் பாத்தா கஷ்டம்.

இன்னொரு விஷயம், எனக்கு அங்க ஊசியோட சேத்து ஒரு பொடியும் குடுத்தாங்க, என்னன்னு கேட்டா மூலிகைன்னு மட்டும் சொன்னாங்க. பின்னாடி ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "அதுல அதிமதுரம் இருந்துச்சா?" அதிமதுரம் தொடர்ந்து எடுத்தா உடம்புல உப்பையும் நீரையும் தேக்கி வெச்சு, பொட்டாசியத்த குறைச்சு, பிபிய ஏத்தும். என் பொடில இருந்துச்சா இல்லயான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஆனா பேர் எழுதாத எந்தப் பொடியையும் பிபி இருக்கறவங்க வாய்ல போடாதீங்க.

வீட்ல பிபி பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, எனக்கு ஆஸ்பத்திரில நர்ஸ் ஒருத்தங்க உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க. மேல் கைல கட்டற மெஷின் வாங்கணும், மணிக்கட்டு மெஷின விட அது நம்பகமானது, கைல சுத்தற பட்டை உங்க கை பருமனுக்கு ஏத்ததா இருக்கணும், சின்னதா இருந்தா ரீடிங் இருக்கறத விட அதிகமா காட்டும். காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி இதெல்லாம் முடிஞ்சு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். சிறுநீர் கழிச்சிட்டு வந்து, முதுகு சாஞ்சு, பாதம் ரெண்டும் தரைல படற மாதிரி, கால் மேல கால் போடாம, கைய மேஜை மேல நெஞ்சு உயரத்துல வெச்சு, 5 நிமிஷம் பேசாம உக்காந்துட்டு அப்புறம் பட்டன அழுத்தணும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை. காலைல மாத்திரைக்கு முன்னாடியும், சாயங்காலமும். இப்படி ஒரு வாரம் எழுதி, முதல் நாள விட்டுட்டு மீதிக்கு சராசரி பாத்தா அதுதான் உங்க நிஜமான பிபி. வீட்டு ரீடிங்ல சராசரி 135க்கு 85னு வந்தாலே அது அதிகம்தான். டாக்டர பாத்தாலே பிபி ஏறறவங்க இருக்காங்க, அவங்களுக்கு நிஜமாவே மாத்திரை தேவையான்னு தெரியவும் இதுதான் வழி.

பணத்த பத்தி சொல்லணும்னா, பேக்கேஜுக்கு கட்டினது, பொடிக்கு குடுத்தது, சீக்கிரம் கிளம்பறதுக்காக சம்பளம் பிடிச்ச நேரம், அப்புறம் ஆஸ்பத்திரி, ஸ்கேன், கண் டாக்டர்னு எல்லாம் சேத்தா என் ஒரு மாச சம்பளத்துக்கு மேல போயிடுச்சு. மீதி இருந்த சிட்டிங்குக்கு பணத்த திருப்பிக் கேட்டேன், குடுக்கல, "பாதில விட்டா நாங்க பொறுப்பில்ல"ன்னு பதில் வந்துச்சு. அதனால மொத்தமா கட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் தனியா கட்டினா கொஞ்சம் கூட ஆகும், ஆனா எழுந்து வர்ற சுதந்திரம் உங்க கைல இருக்கும். பணம் கட்டியாச்சேன்னு நினைச்சே நான் எத்தனையோ நாள் போயிருக்கேன்.

இவ்வளவுக்கும் பிறகும் ஊசி போட்டுக்கணும்னு தோணினா, மன அழுத்தத்துக்கோ வலிக்கோ அது சில பேருக்கு உதவுது, அத நான் மறுக்கல. மாத்திரைய அப்படியே எடுத்துக்கிட்டு போங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு போங்க. ஊசி உங்க கண்ணு முன்னாடி புது பாக்கெட்ட பிரிச்சு எடுக்கறாங்களான்னு பாருங்க, ஒரு தடவை பயன்படுத்தினத மறுபடி பயன்படுத்தினா மஞ்சள்காமாலை வைரஸ் வரைக்கும் தொத்தும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி எடுக்கறவங்க அத முதல்லயே சொல்லணும். பேஸ்மேக்கர் வெச்சவங்க மின்சாரம் குடுக்கற ஊசி பக்கமே போக வேணாம். நெஞ்சு, மேல் முதுகு பக்கம் ஆழமா குத்தினா நுரையீரல் ஓட்டையாகி காத்து கசிஞ்ச சம்பவங்கள் பதிவாகியிருக்கு, அரிதுதான், ஆனா ஊசி போட்ட பிறகு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தா "சக்தி நகருது"ன்னு யார் சொன்னாலும் கேக்காம ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

ஏற்கனவே யாரோ சொல்லி மாத்திரைய நிறுத்திட்டு இத படிக்கறவங்க யாராவது இருந்தா, பதறிப் போயி விட்ட நாளுக்கெல்லாம் சேத்து ரெண்டு மூணு மாத்திரைய முழுங்கிடாதீங்க. இன்னைக்கே மேல சொன்ன மாதிரி உக்காந்து பிபி பாருங்க, என்ன மாத்திரை, என்ன டோஸ், எப்ப நிறுத்தினீங்கன்னு எழுதி எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, திட்டுவாங்களோன்னு தயங்காதீங்க, எனக்கும் அந்த பயம் இருந்துச்சு, ஆனா என்ன யாரும் திட்டல. ரீடிங் 180க்கு 120 தாண்டி இருந்தா 5 நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா அன்னைக்கே டாக்டர பாக்கணும். அதோட நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப் போறது, பேச்சு குழறறது, கண்ணு மங்கறது, தாங்க முடியாத தலைவலி, இதுல ஒண்ணு இருந்தாக்கூட மறுபடி பாக்கறதுக்கெல்லாம் உக்காராம ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டு போகாதீங்க.